தாங்ஹுலு: சர்க்கரை ஓடு போர்த்திய பழக்குச்சி வீட்டில் செய்ய முழுமையான வழிகாட்டி

தாங்ஹுலுவுக்கு வேண்டியவை மூன்றே மூன்று: பழம், சர்க்கரை, மூங்கில் குச்சி. செய்முறையையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம். சர்க்கரைப் பாகைக் கடைசிப் பதம் வரை காய்ச்சி, குச்சியில் கோத்த பழத்தை அதில் முக்கியெடுத்து ஆறவிட வேண்டும், அவ்வளவுதான். இத்தனை எளிதாக இருந்தும் முதல்முறை செய்கிற பலருக்கு, கடித்தால் ‘கடக்’ என்று உடைகிற ஓட்டுக்குப் பதில் பல்லில் அப்பிக்கொண்டு வர மறுக்கிற பிசின்தான் கிடைக்கிறது.

காரணம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: தண்ணீர். பாகில் மிச்சமிருக்கிற தண்ணீர், பழத்தின் தோலில் தங்கிய தண்ணீர், காற்றில் கலந்திருக்கிற தண்ணீர். இந்த மூன்றையும் விரட்டத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றோடு சம்பந்தப்பட்டதுதான்.

வடசீனக் குளிரில் பிறந்த தின்பண்டம்

பெய்ஜிங், தியான்ஜின் போன்ற வடசீன நகரங்களில் இது குளிர்காலத் தெருத் தின்பண்டம். வியாபாரி ஒரு கம்பின் உச்சியில் வைக்கோலைக் கட்டி, அதைச் சுற்றிக் குச்சிகளைச் செருகி, தோளில் சாய்த்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவது பழைய வழக்கம். குச்சியில் இருப்பது ஷான்ஜா என்ற சிவப்புப் பழம். நெல்லிக்காயைவிடச் சிறியது, தோலில் வெளிர்ப் புள்ளிகள், உள்ளே மாவுபோன்ற சதை, நல்ல புளிப்பு. கொட்டையை எடுத்துவிட்டு அப்படியே கோப்பார்கள். சில கடைகளில் பழத்தைப் பிளந்து நடுவில் இனிப்புக் காராமணி விழுது போல ஒன்றை, சிவப்புப் பயற்றில் செய்ததை, வைத்து மூடுவார்கள். எள் தூவுவதும் உண்டு. வசந்த விழாவின்போது பெய்ஜிங்கின் சாங்தியன் சந்தையில் ஒரு மீட்டருக்கும் நீளமான குச்சிகள் விற்பார்கள். முழுதும் தின்று முடிப்பதைவிடத் தூக்கிக்கொண்டு சுற்றுவதுதான் அங்கே கொண்டாட்டம்.

இதன் பிறப்புக்கு ஒரு அரண்மனைக் கதை சொல்வார்கள். தென் சோங் பேரரசர் குவாங்சோங் (ஆட்சிக்காலம் 1189–1194) காலத்தில் அவருடைய காதல் துணைவி ஒருத்தி சாப்பிட முடியாமல் மெலிந்துபோனாளாம். ஊரிலிருந்து வந்த வைத்தியர் ஒருவர், ஷான்ஜாவைக் கல்கண்டோடு வேகவைத்து உணவுக்கு முன் ஐந்து முதல் பத்து பழம் கொடுக்கச் சொன்னாராம், அவள் குணமானாளாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பேரரசின் தலைநகரம் இன்றைய ஹாங்ஜோ, அதாவது தெற்கே; தின்பண்டமோ அசல் வடக்கத்தியது. எனக்குக் கதையில் நம்பிக்கை குறைவு. செரிமானத்துக்கு ஷான்ஜாவைக் கொடுப்பது மட்டும் சீன மருத்துவத்தில் இன்றும் இருக்கிற வழக்கம்.

கதையைவிட நமக்கு முக்கியம் அந்தப் பழமும் அந்தப் பருவமும். ஷான்ஜாவில் சாறு ஒழுகாது, தோல் கெட்டி. பெய்ஜிங்கின் ஜனவரிக் காற்று வறண்டது. வெப்பநிலை பூஜ்யத்தைச் சுற்றியே இருக்கும். இரண்டும் சேர்வதால் காலையில் செய்த குச்சி மாலையிலும் மொறுமொறுவென்று இருக்கும். 2023இல் தென் கொரியாவில் இந்தப் பண்டம் பெரும் மோகமாகப் பரவியபோது பழம் மாறிவிட்டது: ஸ்ட்ராபெர்ரி, பச்சைத் திராட்சை, கமலா ஆரஞ்சு என்று எல்லாம் சாறு நிறைந்தவை. அங்கிருந்து குட்டி வீடியோக்கள் வழியாக நம் வீடுகளுக்கு வந்தது இந்தச் சாற்றுப்பழ வகைதான். அதை நாம் செய்யப் பார்ப்பது ஈரக்காற்று வீசுகிற ஊர்களில். வீடியோவில் பார்த்தபடியே செய்தும் ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

எந்தப் பழம்?

தோல் உடையாமல் முழுதாகப் போடக்கூடிய, கொஞ்சம் புளிப்பும் இருக்கிற பழமே நல்லது. ஓடு முழுக்க வெறும் சர்க்கரை என்பதால், உள்ளேயும் தித்திப்பாக இருந்தால் இரண்டாவது பழத்திலேயே திகட்டிவிடும்.

முதல்முறை செய்பவர்களுக்கு என் பரிந்துரை விதையில்லாப் பச்சைத் திராட்சை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை மலிவாகக் கிடைக்கும். தோல் கெட்டி, சாறு வெளியே வராது, லேசாகப் புளிக்கும். கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சை சாப்பிட அருமையான பழம், ஆனால் இதற்கு ஆகாது. விதையும் உண்டு, குச்சி குத்தினால் தோலும் கழன்றுவரும்.

ஸ்ட்ராபெர்ரி பார்க்க அழகு, பிழைக்க அற்பாயுசு. சூடான பாகு பட்டதும் சாறு விட ஆரம்பிக்கும்; அந்தச் சாறு ஓட்டை உள்பக்கமிருந்தே கரைக்கும். செய்த கால் மணிக்குள் சாப்பிட்டுவிடுவீர்கள் என்றால் தாராளமாகச் செய்யலாம். கன்றிப்போகாத, கெட்டியான, நடுத்தர அளவுப் பழமாகப் பொறுக்குங்கள். பச்சைக் காம்பிலையை வெட்ட வேண்டாம். வெட்டிய இடம் திறந்த குழாய்.

கமலா ஆரஞ்சுச் சுளை நன்றாக வரும், சுளையின் மெல்லிய தோல் எங்கும் கிழியாமல் இருந்தால். வெள்ளை நாரை முடிந்தவரை எடுத்துவிட்டு, உரித்த சுளைகளை மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் விட்டால் தோல் காகிதம்போல் காய்ந்துவிடும். ப்ளூபெர்ரி, செர்ரி தக்காளி இரண்டும் சுலபம். பழக்குச்சியில் தக்காளியா என்று முகம் சுளிக்க வேண்டாம். தைவானின் இரவுச் சந்தைகளில் செர்ரி தக்காளி தாங்ஹுலு சாதாரணம். தக்காளியைக் கீறி உப்புப்போட்ட காய்ந்த பிளம் துண்டைச் செருகிக்கூட விற்கிறார்கள்.

நம் இலந்தைப்பழம் சீனப் பேரீச்சை எனப்படும் சிவப்பு இலந்தைக்கு நெருங்கிய உறவு. புளிப்பும் மாவுச்சதையும் இருப்பதால் ஷான்ஜாவின் குணத்துக்கு நம் ஊரில் மிக அருகில் வருவது இதுதான் என்பது என் எண்ணம். கொட்டை இருப்பதால் நடுவில் குச்சி போகாது. ஓரமாகக் குத்த வேண்டும், சாப்பிடும்போது கவனமாகவும் இருக்க வேண்டும். டொரான்டோ, சிங்கப்பூர் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் சீனக் கடைகளில் புது ஷான்ஜா கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். மருந்துக்கடையில் விற்கும் காய்ந்த சீவல் இதற்கு உதவாது.

தர்பூசணி, அன்னாசி, மாம்பழத் துண்டுகள் வேண்டாம். வெட்டிய பழம் எதுவானாலும் அதன் மேற்பரப்பே சாறுதான். பாகு அதில் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். ஆப்பிள் மட்டும் ஓரளவு ஒத்துழைக்கும், அதுவும் துண்டுகளை டிஷ்யூவில் ஒற்றி உடனே முக்கினால்.

பழத்தைக் காயவைப்பது

இந்த வேலையை முதல் நாள் இரவிலோ, குறைந்தது இரண்டு மணி நேரம் முன்போ தொடங்க வேண்டும். பழத்தைக் கழுவி, ஒவ்வொன்றாகத் துடைத்து, பருத்தித் துணியில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். திராட்சையின் காம்புக் குழியிலும் ஸ்ட்ராபெர்ரி இலைக்கு அடியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒளிந்துகொண்டிருக்கும். டிஷ்யூ முனையை முறுக்கி அங்கே தொட்டு எடுங்கள். ஈரம் இருந்த இடத்தில் பாகு பொரிந்து குமிழாகும், இல்லையென்றால் அங்கே மட்டும் ஓடு பிடிக்காமல் கழன்று விழும்.

பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுக்கச் சொல்கிற குறிப்புகள் நிறைய உண்டு. குளிர்ந்த பழத்தில் பாகு சீக்கிரம் இறுகும் என்பது உண்மைதான். ஆனால் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ அந்தப் பழத்தை வெளியே எடுத்த நிமிடமே வேர்த்துவிடும். இரண்டு மணி நேரம் காயவைத்த உழைப்பு அத்தோடு வீண். நம் தட்பவெப்பத்துக்குப் பழம் அறையின் சூட்டிலேயே இருக்கட்டும்.

குச்சியில் கோப்பதைக் கடைசிவரை தள்ளிப்போடுங்கள். குத்திய ஓட்டை வழியாகவும் சாறு கசியும். பாகு அடுப்பில் பாதிப் பதத்துக்கு வந்தபின் கோக்க ஆரம்பித்தால் நேரம் சரியாக இருக்கும். ஒரு குச்சிக்கு மூன்று நான்கு பழம் போதும். நுனி கடைசிப் பழத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

பொருளும் பாத்திரமும்

பத்துப் பன்னிரண்டு குச்சிக்கு வெள்ளைச் சர்க்கரை 400 கிராம், தண்ணீர் 200 மில்லி. எடைக்கணக்கில் இரண்டுக்கு ஒன்று. இதில் பாதிக்கு மேல் பாத்திரத்திலேயே மிஞ்சும். ஆனால் பழம் முங்க ஆழம் வேண்டும் என்பதால் அளவைக் குறைக்க முடியாது. குறைத்தே தீர வேண்டுமென்றால் பாத்திரத்தைச் சிறியதாக்குங்கள்.

இதோடு பேக்கரிப் பொருள் கடைகளில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸ் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்தால் பாகு பூத்துப்போகாது, அதாவது மறுபடி சர்க்கரை மணியாகத் திரும்பாது. அது இல்லாதவர்கள் எலுமிச்சைச் சாறோ வினிகரோ சேர்ப்பார்கள். புளிப்பு சர்க்கரையைக் கொஞ்சம் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடும் என்பதால் இதுவும் வேலை செய்யும். ஒரு சிக்கல் உண்டு: ஃபிரக்டோஸ் காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக இழுக்கும். கடலோர ஊர்க்காரர்கள் எலுமிச்சை என்றால் நான்கைந்து சொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், குளுக்கோஸ் கிடைத்தால் அதையே போடுங்கள்.

நாட்டுச்சர்க்கரை, வெல்லம், பனங்கற்கண்டு எல்லாம் ஆரோக்கியம் என்று போட ஆசை வரும். வெல்லத்தில் உடைந்த சர்க்கரையும் மற்ற பொருள்களும் கலந்திருப்பதால் ஓடு நிற்காமல் கசியும், சீக்கிரம் தீயும். வெள்ளைக் கல்கண்டு போடலாம். கரைய நேரமாகும் என்பதைத் தவிர பெரிய வித்தியாசம் தெரியாது.

பாத்திரம் அடி கனமாக, குறுகலாக, ஆழமாக இருக்கட்டும். உள்பக்கம் எவர்சில்வர் வெண்மை வேண்டும், பாகின் நிறம் தெரிய. கறுப்பு நான்ஸ்டிக்கில் பாகு மஞ்சளாவதே தெரியாமல் தீய்ந்துபோகும். மிட்டாய்க்கான வெப்பமானி இருந்தால் பெரிய உதவி. இல்லாவிட்டாலும் பனிக்கட்டி போட்ட ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்தே சமாளிக்கலாம். பட்டர் பேப்பர் விரித்த தட்டு, இல்லையென்றால் லேசாக எண்ணெய் தடவிய எவர்சில்வர் தட்டு, பக்கத்திலேயே தயாராக இருக்க வேண்டும். அடுப்பை ஏற்றியபின் தேடப் போகக் கூடாது.

அடுப்பை ஏற்றும் முன்

கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி. இந்தப் பாகு 150 டிகிரி. தண்ணீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். பாகு ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். இதைக் குழந்தைகளோடு சேர்ந்து செய்கிற விளையாட்டாகக் காட்டும் வீடியோக்கள் எனக்குப் பிடிக்கவே இல்லை. பழம் துடைப்பதும் குச்சியில் கோப்பதும் அவர்கள் வேலை. அடுப்புப் பக்கம் பெரியவர்கள் மட்டும். மைக்ரோவேவில் ஒரு கோப்பைச் சர்க்கரையை வைத்துச் செய்யும் குறுக்குவழியும் வேண்டாம். உள்ளே எவ்வளவு சூடு என்று தெரியாது, கோப்பை வெடிக்கலாம், எடுக்கும்போது கையில் கொட்டலாம். சிறுவர்கள் இப்படிச் செய்யப்போய்ச் சுட்டுக்கொள்வதைப் பற்றி வெளிநாடுகளில் தீக்காய மருத்துவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

பாகு கையில் பட்டுவிட்டால் உடனே குழாயைத் திறந்து, ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். தண்ணீர் சூட்டையும் இறக்கும், சர்க்கரையையும் கரைக்கும். ஒட்டியதைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். பற்பசை, மை, காபித்தூள், பனிக்கட்டி எதுவும் வைக்காதீர்கள். கொப்புளம் வந்தாலோ காயம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகத்தில் பட்டாலோ, மருத்துவரிடம் போய்விடுங்கள். குழந்தைக்குப் பட்டால் காயம் சிறிதானாலும் காட்டிவிடுவது நல்லது.

பாகு காய்ச்சுவது

சர்க்கரையையும் தண்ணீரையும் குளுக்கோஸையும் பாத்திரத்தில் போட்டு, அடுப்பில் ஏற்றும் முன்பே நன்றாகக் கலக்குங்கள். மிதமான தீயில் வைத்து, சர்க்கரை முழுதும் கரையும் வரை கிளறலாம். கொதி வந்ததும் கரண்டியை எடுத்துவிட வேண்டும். அதன்பின் கிளறவே கூடாது. நம் கை சும்மா இருக்காது, ஒரு தடவை துழாவிப் பார்க்கலாமே என்று போகும். இதில்தான் பலருடைய பாகு பூத்துப்போகிறது. பாத்திர ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒரு சர்க்கரை மணி உள்ளே விழுந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மற்ற சர்க்கரையும் மணிமணியாகத் திரும்பிவிடும். ஓரத்தில் மணி தெரிந்தால் கொதி வந்த புதிதில் இரண்டு நிமிடம் மூடி போட்டு வையுங்கள். ஆவியே ஓரத்தைக் கழுவிவிடும். அப்புறம் மூடியை எடுத்துவிடுங்கள், தண்ணீர் போயாக வேண்டுமே.

இப்போது காத்திருப்பு. வெப்பமானி 105, 110 என்று வெகுநேரம் ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கும். அடுப்பு கெட்டுவிட்டதா என்று சந்தேகம் வரும். தண்ணீர் ஆவியாகிப் போவதற்கே சூடு முழுதும் செலவாவதால்தான் இப்படி. பொறுமையிழந்து தீயைக் கூட்டாதீர்கள். 125ஐத் தாண்டியபின் முள் ஓட ஆரம்பிக்கும். அங்கிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. மொத்தமாக 15 முதல் 20 நிமிடம் ஆகலாம், அடுப்பையும் பாத்திரத்தையும் பொறுத்து.

பாகுப் பதம் நமக்குப் புதிதல்ல என்பதால் ஒரு கணக்குச் சொல்கிறேன். கம்பிப் பதம் 105 டிகிரியைத் தாண்டியதும் வந்துவிடும். தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருட்ட வரும் பதம் 112 முதல் 116. கெட்டியாக உருண்டு, தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வருகிற உருட்டுப் பதம் 121 முதல் 130. கமர்கட்டும் கடலை உருண்டையும் செய்து பழகியவர்கள் இங்கேயே இறக்கிவிடுவார்கள், பழக்கதோஷம். தாங்ஹுலுவுக்கு இன்னும் போக வேண்டும். 132 முதல் 143 வரை தண்ணீரில் விட்ட பாகு இழையாகும், ஆனால் வளைந்துகொடுக்கும். பல்லில் ஒட்டுகிற ஓடெல்லாம் இந்த இடத்தில் அவசரப்பட்டு இறக்கியதுதான். 146 முதல் 154 வரைதான் நாம் தேடுவது. அப்போது பாகில் தண்ணீர் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் மிச்சம். 160ஐத் தாண்டினால் நிறம் ஏறி, கசப்பு தட்ட ஆரம்பிக்கும்.

நான் குறிவைப்பது 150. வெப்பமானி இல்லாதவர்கள், குமிழ்கள் பெரிதாகி மெதுவாக வெடிக்கத் தொடங்கி, வெண்மை போய் வெளிர் வைக்கோல் நிறம் எட்டிப்பார்க்கும்போது, ஸ்பூனால் ஒரு சொட்டை எடுத்துப் பனிக்கட்டித் தண்ணீரில் விடுங்கள். பத்து நொடி கழித்து எடுத்துக் கடித்துப் பாருங்கள். ‘டக்’ என்று உடைந்து, மென்றால் பல்லில் ஒட்டாமல் இருந்தால் தயார். கொஞ்சம் ஒட்டினாலும் இன்னும் அரை நிமிடம் விட்டு மறுபடி சோதியுங்கள். சோதிக்கிற நேரத்தில் தீயைக் குறைத்துவிடுங்கள், பாகு நமக்காக நிற்காது.

மலையூரில் இருப்பவர்களுக்கு ஒன்று. உயரம் ஏறஏறத் தண்ணீர் கொதிக்கும் சூடு குறையும், ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல்; அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் பாகையும் ஏழு டிகிரி முன்பாகவே, 143 வாக்கில் இறக்க வேண்டும். பெங்களூரில் மூன்று டிகிரி குறைத்தால் போதும். முதலில் வெப்பமானியைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்து என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டால், ஊர் வித்தியாசமும் கருவியின் பிழையும் ஒரே கணக்கில் தீர்ந்துவிடும்.

முக்கியெடுப்பது

பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, பாத்திரத்தின் அடியை ஈரத்துணிமேல் ஒரு நொடி வைத்து எடுங்கள். சூடு மேலே ஏறுவது நிற்கும். குமிழ் அடங்க அரை நிமிடம் விடுங்கள். குமிழோடு முக்கினால் ஓட்டிலும் குமிழ் தங்கும்.

பாத்திரத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, பாகு ஒரு மூலையில் ஆழமாகத் தேங்கும்படி பிடியுங்கள். குச்சியைக் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் வைத்து, பாகில் ஒரே ஒரு சுற்று உருட்டி எடுங்கள். இரண்டு நொடி வேலை. கூடுதல் நேரம் வைத்தால் பழம் வெந்து சாறு விடும். எடுத்ததும் பாத்திரத்துக்கு மேலேயே குச்சியைச் சுழற்றி, மிகுதிப் பாகு சொட்டி முடியும்வரை பொறுங்கள். ஓடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. தடித்த ஓடு பல்லையும் ஈறையும் பதம் பார்த்துவிடும்.

பெய்ஜிங் கைகாரர்கள் முக்கியெடுத்த குச்சியை ஈரப் பலகைமேல் ‘பளார்’ என்று அடித்து, முன்னோக்கி இழுப்பார்கள். மிகுதிப் பாகு பழத்தின் தலைப்பக்கம் மெல்லிய தகடாக விரிந்து நிற்கும். பழைய கடைகளில் அந்தத் தகடு எவ்வளவு மெல்லியது என்பதை வைத்துத்தான் கைத்திறனை எடைபோடுவார்கள். வீட்டில் பட்டர் பேப்பர்மேல் மெதுவாக இதை முயன்று பார்க்கலாம். வராவிட்டால் பரவாயில்லை, சும்மா படுக்கவைத்தாலே போதும். ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விடுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் இறுகிவிடும். எள் தூவுவதென்றால் சொட்டி முடிந்த உடனே, இறுகும் முன்.

கொரிய வீடியோக்களில் முக்கியதும் நேராகப் பனிக்கட்டித் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். ஓடு உடனே இறுகும், சத்தமும் கேமராவுக்கு நன்றாக வரும். ஆனால் இத்தனை பாடுபட்டு விரட்டிய தண்ணீரை நாமே கூப்பிட்டு உட்காரவைப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. அந்த நிமிடமே சாப்பிடுவதாக இருந்தால் ஒழிய வேண்டாம்.

ஏழெட்டுக் குச்சிக்குள் பாகு கெட்டிப்படத் தொடங்கும். மிகக் குறைந்த தீயில் ஒரு நிமிடம் வைத்தால் இளகும், கிளற வேண்டாம். இரண்டு தடவைக்கு மேல் சூடாக்கினால் நிறம் ஏறிவிடும்.

காற்றின் ஈரம்

சரி, ஓடு நன்றாக வந்துவிட்டது. எவ்வளவு நேரம் நிற்கும்? வேகமாக ஆறிய பாகு மணியாகச் சேர நேரமில்லாமல் அப்படியே உறைந்துபோவதால்தான் ஓடு ஒளி ஊடுருவும்படி பளபளப்பாக இருக்கிறது. இந்த நிலையில் இருக்கும் சர்க்கரைக்குத் தண்ணீர் என்றால் தீராத தாகம். மழைக்கால மாலையில் சென்னைக் கடற்கரைப் பக்கத்து வீட்டில் அரை மணிக்குள் பிசுபிசுத்துவிடலாம். கோவை, மதுரைப் பக்கம் கோடை தொடங்கும் நாளின் பிற்பகலில் இன்னும் தாக்குப்பிடிக்கும். ஏசி ஓடும் அறை நல்ல துணை, ஏசி காற்றிலிருந்து ஈரத்தை வடித்துவிடும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் கனடா, லண்டன் வீடுகளின் காற்று வறண்டு கிடக்கும். இந்தப் பண்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான சமையலறை இல்லை.

குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள், உள்ளேயே கசியும். ஃப்ரீசரில் வைத்தால் ஓடு இறுகியே இருக்கும், கடைகளும் இப்படி வைப்பதுண்டு. எடுத்தவுடன் வேர்க்கும் முன் சாப்பிட வேண்டும். பழம் ஐஸாகிப்போவது சிலருக்குப் பிடிக்கும், எனக்குப் பல் கூசும். விருந்துக்குச் செய்கிறீர்கள் என்றால் பழத்தைக் காயவைத்துத் தயாராக வைத்துக்கொண்டு, ஆட்கள் வந்து உட்கார்ந்தபின் பாகை ஏற்றுங்கள்.

ஈரமான ஊரில் இரண்டு மூன்று மணி நேரம் நின்றே ஆக வேண்டுமென்றால் ஒரு மாற்று உண்டு. கேக் அலங்காரக்காரர்கள் சர்க்கரைக்குப் பதிலாகப் பயன்படுத்தும் ஐசோமால்ட் என்ற இனிப்புப் பொருள், காற்றின் ஈரத்தைச் சர்க்கரையைவிட மிகக் குறைவாக இழுக்கும், லேசில் பூக்கவும் பூக்காது. இனிப்பு பாதிதான், விலை அதிகம், அளவுக்கு மீறித் தின்றால் வயிற்றைக் கலக்கும். ஆனால் வேலை செய்யும்.

சரியாக வராதபோது

பல்லில் ஒட்டுகிறதா? பதம் பத்தவில்லை. அதே பாகைத் திரும்ப ஏற்றி 150க்குக் கொண்டுபோகலாம், வீணாகவில்லை.

பாகு வெள்ளையாகி மணல்மணலாகிவிட்டதா? பூத்துப்போய்விட்டது. ஒரு கோப்பைத் தண்ணீர் விட்டு முழுதும் கரைத்து, நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்து முதலிலிருந்து காய்ச்சுங்கள். கசந்தால், தீய்ந்துவிட்டது, அதைக் காப்பாற்ற முடியாது. ஓடு தடிமனாக இருந்தால் பாகு ஆறியபின் முக்கியிருக்கிறீர்கள். ஓடு மேலே நன்றாக இருந்து அடிப்பக்கம் மட்டும் கரைகிறதென்றால் குச்சி ஓட்டையிலிருந்து சாறு வருகிறது. அடுத்த முறை இன்னும் தாமதமாகக் கோத்துப் பாருங்கள்.

ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு முழுத் திராட்சையே தொண்டையில் அடைக்கக்கூடியது, ஓடு போட்டது இன்னும் மோசம். கொடுக்காதீர்கள். பெரியவர்களும் நேராக முன்பல்லால் கடிக்காமல், பக்கப் பல்லால் முதலில் ஓட்டை உடைத்துக்கொள்வது நல்லது. உடைந்த விளிம்பு கூர்மையாக இருக்கும்.

பாத்திரம் கழுவுவது

மிஞ்சிய பாகை ஒருபோதும் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் போய்க் கல்லாகும். சூடாக இருக்கும்போதே பட்டர் பேப்பரில் மெல்லியதாக ஊற்றி, ஆறியபின் உடைத்து, காற்றுப்புகாத டப்பாவில் போட்டால் டீக்கும் எலுமிச்சை ஜூஸுக்கும் ஆகும். பாத்திரத்தில் ஒட்டியதைச் சுரண்ட வேண்டாம். கழுத்துவரை தண்ணீர் விட்டு, கரண்டியையும் அதிலேயே போட்டு, பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் எல்லாம் கரைந்து தானாக வந்துவிடும்.